கோழிக்கூட்டுப் பலகையில் ஒளிந்திருக்கும் நோய்

இரவு ஒன்பது மணி கழிந்து, கோழிகள் அடங்கிய பிறகு, பழைய மரக்கூடு ஒன்றின் கதவைத் திறந்து, கோழி நிற்கிற தடியின் அடிப்பக்கத்தில் டோர்ச் வெளிச்சத்தை அடித்துப் பார்க்க வேண்டும். பல கூடுகளில் ஒன்றும் இருக்காது. சில கூடுகளில், பகல் முழுக்க வெறும் மரமாகக் கிடந்த தடி ஊர்வதுபோலத் தோன்றும். வத்தகப்பழ விதை அளவில், அதைப்போலவே தட்டையாக, காய்ந்த தோல்போலச் சுருக்கம் விழுந்த உடம்போடு உண்ணிகள் ஏறிக்கொண்டிருக்கும். பசியோடு போகிறவை செம்பழுப்பு நிறம். குருதி குடித்துத் திரும்புகிறவை உப்பிப்போய்க் கருநீலமாக இருக்கும். வெளிச்சம் பட்டதும் எல்லாமே ஓடி, தடியும் சுவரும் பொருந்துகிற இடுக்கிலும் ஆணி கழன்ற துளையிலும் புகுந்துவிடும். சற்று நேரத்தில் அது மறுபடியும் வெறும் மரம்தான்.

கோழி உண்ணி என்று பொதுவாகச் சொல்லப்படும் இதன் அறிவியற் பெயர் ஆர்கஸ் பெர்சிகஸ். பாரசீகத்தின் பெயரைத் தாங்கி 1818ஆம் ஆண்டிலேயே அறிவியல் ஏட்டில் ஏறிவிட்ட உயிர் இது. மாட்டின் காதடியில் ஆமணக்கங்கொட்டைபோலத் தொங்குகிற உண்ணியை எல்லாருக்கும் தெரியும். அது வன்தோல் உண்ணி. பிடித்தால் நாட்கணக்காக விடாது. கோழி உண்ணி மென்தோல் இனம். அதன் பழக்கம் மூட்டைப்பூச்சியின் பழக்கம். இரவில் வரும், அரை மணி நேரம் அளவில் குடிக்கும், விடியுமுன் இடுக்குக்குத் திரும்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த ஆறுகால் குஞ்சுண்ணி மட்டுந்தான் கோழியின் இறக்கைக்கு அடியில் ஒரு வாரம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். கோழியைப் பகலில் பிடித்து இறகை விலக்கிப் பார்க்கிறவருக்கு, எள்ளைப்போல நாலைந்து கரும்புள்ளி தென்பட்டால் உண்டு. இல்லையென்றால் கோழி சுத்தமாகவே தெரியும். கூட்டில் நூற்றுக்கணக்கில் உண்ணி இருக்கும்போதும் வீட்டுக்காரர் அதை ஒருநாளும் கண்டிராமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த உண்ணி குருதியை எடுத்துக்கொண்டு போவதோடு நிற்பதில்லை. சில வேளைகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டும் போகிறது.

அது திருகாணியைப்போல முறுக்கிய ஒரு பற்றீரியா. நீளம் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு. தடிப்பு அதிலும் மிகமிகக் குறைவு. பெயர் பொரேலியா அன்செரினா. இது குருதியில் புகுந்து ஒரு வார காலத்துக்குள் கோழி சோர்ந்துவிடும். கழுத்தை உள்ளே இழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் தூங்கும். உடல் நெருப்பாகக் கொதிக்கும். கொண்டை வெளிறும், அல்லது நீலம் பாரிக்கும். கழிச்சல் பச்சையாகப் போகும். அதில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். பிறகு கால் விழும், இறக்கை தொங்கும். சில பட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு சாகும். வேறு சில பட்டிகளில், அதிலும் புதிதாகக் கொண்டுவந்து விட்ட கோழிகளில், ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் பதிவாகியிருக்கிறது.

ஊர்க்கோழி வளர்க்கிற எவரும் இந்த அடையாளங்களைக் கேட்டவுடன் வேறொரு நோயின் பெயரைச் சொல்வார்கள். பச்சைக் கழிச்சல், தூக்கம், கால் வழங்காமை: இவை எல்லாம் ராணிக்கெட் நோய்க்கும் உரியவை. தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லப்படும் அது வைரஸால் வருவது. வந்த பிறகு மருந்தில்லை. வருமுன் போடுகிற தடுப்பு மருந்து ஒன்றே வழி. உண்ணி தருகிற நோயோ பற்றீரியாவால் வருவது. பெனிசிலினுக்கும் ரெற்றாசைக்கிளினுக்கும் இது நன்றாகவே கட்டுப்படும்; நேரத்தோடு கண்டுபிடித்தால் தூங்குகிற கோழி எழுந்து நடக்கும். தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கிற இரண்டு நோய்களில் ஒன்றுக்கு மருந்து இருக்கிறது, மற்றதற்கு இல்லை. எது எது என்று பிரித்தறிவதன் முழுப் பெறுமதியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தப் பெறுமதியைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு கொடுப்பதற்கு ஊர்க்கோழி முட்டையைத் தேடித்தான் போவார்கள். கிடுகு வேலிக்குப் பின்னால் உள்ள வளவில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேய்வது, அந்த வீட்டுப் பெண்ணின் கையில் யாரையும் கேளாமல் புழங்கக்கூடிய சில்லறைப் பணம். போர் முடிந்து குடும்பங்கள் மீளக் குடியேறியபோது வாழ்வாதார உதவி என்று பல வீடுகளுக்கு முதலில் வந்தவற்றில் கோழிக்குஞ்சும் ஒன்று. அப்படி வந்த குஞ்சுகள், நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளின் பழைய கூடுகளில் விடப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இந்த உண்ணியின் இயல்பைக் கொண்டே ஊகிக்கலாம். வளர்ந்த உண்ணி ஒரு துளி குருதியும் இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். கூட்டை ஆறு மாதம் வெறுமையாக விட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இதனிடம் செல்லாது.

வெப்பமும் வறட்சியும் இந்த உண்ணிக்கு உவப்பானவை. உலகில் இது பெருகியிருக்கும் இடங்களைப் பார்த்தால் ஈரான், எகிப்து, சூடான், வட இந்தியச் சமவெளி என்று வறண்ட நிலங்களே வரிசையாக வரும். யாழ்ப்பாணத்தின் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து ஓய்ந்துவிடுகிறது. மாசிக்குப் பிறகு மாதக்கணக்கில் சுண்ணக்கல் நிலம் வெயிலில் காய்கிறது. பனஞ்சலாகையும் பழம்பலகையும் அடித்துச் செய்த கூட்டில் இடுக்குக்குப் பஞ்சமில்லை. பூவரசிலும் முருங்கையிலும் ஏறித் தூங்குகிற கோழிக்கு மரப்பட்டையின் வெடிப்பு இருக்கிறது. உண்ணிக்கு வேறென்ன வேண்டும்?

இந்த நோயின் வரலாறு கோழியில் தொடங்கவில்லை. 1891இல் சகாரொவ் என்ற ரஷ்ய மருத்துவர் காக்கேசிய மலைக்கு அப்பாற்பட்ட பகுதியில் கூட்டங்கூட்டமாகச் செத்த பெருவாத்துகளின் குருதியில் இந்தச் சுருளைக் கண்டார். 'அன்செரினா' என்ற பெயருக்குப் பொருளே பெருவாத்துக்குரியது என்பதுதான். உண்ணிக்கும் நோய்க்கும் உள்ள உறவு தெளிவானது இன்னொரு கண்டத்தில். மஞ்சட் காய்ச்சலை ஆராயப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் 1901இல் ரியோ டி ஜனைரோவுக்கு மூவரை அனுப்பியது: மார்ஷூ, சலிம்பேனி, சிமோன். கடைசியாகச் சொன்ன சிமோன், 1898இல் கராச்சியில் இருந்தபோது எலித்தெள்ளு கொள்ளைநோயைக் கடத்துகிறது என்று காட்டியவர். பூச்சி வழியாக நோய் வரும் என்ற எண்ணம் இந்தக் குழுவுக்குப் புதிதல்ல. மஞ்சட் காய்ச்சலுக்காகப் போன இடத்தில், கோழிகள் சாவதைக் கண்ட மார்ஷூவும் சலிம்பேனியும் 1903இல் அதன் காரணியை விவரித்து, கோழி உண்ணியே அதைக் கடத்துகிறது என்று சோதனை செய்து காட்டினார்கள். 1907இல் பொரேலியா என்ற பேரினப் பெயர் வந்தது. இன்று உலகெங்கும் அஞ்சப்படும் லைம் நோயின் கிருமிக்கும் அதே குடும்பப் பெயர்தான்; ஆனால் அந்தப் பேரினத்தின் மாதிரி இனமாக ஏட்டில் நிற்பது கோழியின் கிருமியே.

மனிதனுக்கு இந்தக் கோழிநோய் செய்த உதவி ஒன்று மறக்கப்பட்டுவிட்டது. பவுல் எர்லிக்கின் ஆய்வுகூடத்தில் ஜப்பானிய மருத்துவர் ஹதா ஆர்செனிக் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, சிபிலிஸ் பிடித்த முயல்களோடு, இந்தச் சுருளி ஏறிய கோழிகளும் அவருடைய சோதனைக்கு உதவின. 606 என்ற எண் கொண்ட சேர்மம் 1910இல் சல்வர்சான் என்ற பெயரில் மருந்தாக வெளிவந்தது. தற்கால வேதிமருத்துவத்தின் முதல் பெருவெற்றிக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடும் இருந்தது.

இனி, கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கலுக்கு வரலாம். காய்ச்சல் ஏறியிருக்கும் கோழியின் இறக்கை நாளத்திலிருந்து ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஜீம்சா சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்கலங்களுக்கு இடையில் ஊதாநிறச் சுருள்கள் தெரியும். இருட்புல நுணுக்குக்காட்டி இருந்தால் சாயமும் தேவையில்லை. உயிரோடு முறுகி முறுகி ஓடுவதையே காணலாம். செலவு குறைவு, அரை மணி நேர வேலை. இதைவிட எளிய சோதனை இருக்க முடியாது.

ஆனால் சரியான நாள் அமைய வேண்டும். கோழியின் உடல் எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கியதும் சுருள்கள் கட்டி கட்டியாக ஒன்றோடொன்று சிக்கி, ஓரிரு நாளில் குருதியிலிருந்து மறைந்துவிடுகின்றன. பல கோழிகள் இந்தக் கட்டத்தில்தான் சாகின்றன. அதாவது, சாகிற நேரத்தில் குருதியில் கொன்றவன் இல்லை. பிழைத்த கோழியும் கிருமியைத் தன்னுள் வைத்திருப்பதில்லை, முற்றாகத் துப்புரவாகிவிடுகிறது. கோழி செத்த மறுநாள் அதைப் பையில் போட்டு மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறவரிடம் வைத்தியர் காட்டக்கூடியது, வயிற்றைத் திறந்தால் தெரிகிற மண்ணீரல் ஒன்றே. வழக்கத்தைவிடப் பல மடங்கு வீங்கி, சலவைக்கல்லில் ஓடுகிற கோடுகளைப்போலப் புள்ளியும் வரியுமாக அது இருக்கும். அனுபவப்பட்ட கண்ணுக்கு அது பெரிய தடயம். உறுதியான சான்றோ இல்லை.

கோழி விட்டுவிட்டதை உண்ணி விடுவதில்லை. ஒரு முறை தொற்றிய உண்ணி ஓராண்டுக்கு மேலும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறை உண்ணிக்கும் அது போகும். உண்ணியைக் கொத்தித் தின்கிற கோழிக்கும் தொற்றும். ஆகவே நோயின் நிலையான வீடு பறவையல்ல; கூட்டுப் பலகையின் வெடிப்பு. கோழி இறந்து, குழியில் புதைத்து, மாதங்கள் ஆன பிறகும் அங்கே போய்க் கேட்கலாம். கேட்பதற்கு வேண்டிய மொழி மரபணு மொழி.

அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது. பிடித்த உண்ணியை அற்ககோலில் கழுவி வெளியழுக்கைப் போக்குவார்கள். பிறகு அதைக் கூரான கத்தியால் வெட்டி, நொதியம் சேர்த்த கரைசலில் கரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பார்கள். அந்தக் கரைசலில் உண்ணியின் டி.என்.ஏ., அது கடைசியாகக் குடித்த கோழியின் டி.என்.ஏ., உண்ணியின் குடலில் வாழ்கிற பல பற்றீரியாக்களின் டி.என்.ஏ. எல்லாம் கலந்து கிடக்கும். தேடுகிற கிருமி இருந்தாலும் வைக்கோற் போரில் ஊசிதான். பி.சி.ஆர். என்ற முறை அந்த ஊசியை மட்டும் பெருக்கிப் போராக்கிவிடுகிறது. தேடும் மரபணுவின் இரு முனைகளிலும் மட்டும் ஒட்டிக்கொள்ளும் குறுந்துண்டுகள் இரண்டைச் சேர்த்து, ஏறத்தாழ 95 பாகையில் சூடேற்றி இழைகளைப் பிரித்து, குளிர வைத்து ஒட்டவிட்டு, 72 பாகையில் நகல் வளரவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிக்கும். முப்பது சுற்றில் ஒரு துண்டு 107 கோடிக்கு மேல் ஆகும். அமெரிக்கரான காரி மல்லிஸ் 1983இல் கண்ட வழி இது. இந்தக் கொதிநிலைக்கு அருகிலும் கெடாமல் வேலை செய்கிற நொதியம், யெலோஸ்ரோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பற்றீரியாவின் கொடை.

எந்த மரபணுவைத் தேடுவது என்பதில்தான் ஆய்வாளரின் கூர்மை தெரியும். எல்லாப் பற்றீரியாவுக்கும் உள்ள 16எஸ் மரபணுவைத் தேடினால் உண்ணியின் சொந்தக் குடியிருப்பாளர்களும் சேர்ந்து கைதூக்குவார்கள். ஆகவே பொரேலியாவுக்கே உரியதாக ஒன்று வேண்டும். இந்தச் சுருளியின் வால் இழைகள் வெளியே தொங்குவதில்லை. உடம்பின் இரண்டு உறைகளுக்கு இடையில் நீளவாக்கில் சுற்றிக் கிடக்கின்றன. அவை சுழலும்போதுதான் உடம்பு முழுவதும் திருகாணியாகத் திரும்புகிறது. அந்த இழைப் புரதத்துக்கான மரபணு உலகெங்கும் பொரேலியா ஆய்வுகளில் முதலில் தேடப்படுவது. இன்னொன்று கிளிப்கியூ என்ற மரபணு. மீள்காய்ச்சல் கூட்டத்துப் பொரேலியாக்களிடம் அது உண்டு; லைம் நோய்க் கூட்டத்திடம் இல்லை. கோழியின் கிருமி மீள்காய்ச்சல் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது இத்தகைய ஒப்பீடுகளால் உறுதிப்பட்டது. 2007இல் பிரேசில் ஆய்வாளர்கள் அந்நாட்டு உண்ணியிலிருந்து பெற்ற வகையை இந்த வழியில் அடையாளப்படுத்தினார்கள். 2017இல் இந்தக் கிருமியின் நிறமூர்த்தம் முழுவதும் வாசிக்கப்பட்டு வெளியானது. பெரும்பாலான பற்றீரியாக்களின் நிறமூர்த்தம் வளையமாக இருக்க, பொரேலியாவுடையது நீட்டிவைத்த கயிறு. எழுத்துகள் சுமார் ஒன்பது இலட்சம். நூறு கோடிக்கு மேல் எழுத்துக் கொண்ட கோழியை, இவ்வளவு சிறிய ஏடு வீழ்த்திவிடுகிறது.

மரபணு வாசிப்பு ஏன் வேண்டும், நுணுக்குக்காட்டி போதாதா என்று கேட்பவர்களுக்குச் சூடானில் நடந்த ஒரு மயக்கம் நல்ல விடை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கார்ட்டூமில் இருந்த அன்ட்ரூ பல்ஃபூர், இந்த நோய் கண்ட கோழிகளின் செங்கலங்களுக்குள் சிறு மணிகள் இருப்பதைக் கண்டார். சுருளியே உருமாறிச் செங்கலத்துக்குள் மணியாக ஒளிந்திருக்கிறது, இது அதன் வாழ்வின் இன்னொரு பருவம் என்று அவர் கருதினார். நியாயமான ஊகம்தான், இரண்டும் ஒரே கோழியில், ஒரே உண்ணிக் கடியின் பின் தோன்றின. 1928 அளவில் எகிப்தில் கர்ப்பானோ அந்த மணிகளைத் தனி உயிர் என்று பிரித்து எகிப்தியனெல்லா புல்லோரம் என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, குலம் கிடைக்கவில்லை. மலேரியா ஒட்டுண்ணிபோல ஒரு தனிக்கல உயிர் என்று பலகாலம் எண்ணினார்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பிறகு பற்றீரியாவின் சாயல் தெரிந்தது. 2003இல் ரிக்கிஹிசாவும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அதன் மரபணுக்களை வாசித்து, மாடுகளின் குருதியைத் தாக்கும் அனப்பிளாஸ்மாவுக்கு நெருங்கிய உறவென்று நிறுவினார்கள். ஒரு கண்ணாடித் தகட்டில் தெரிந்த மணிக்கு அதன் குடும்பத்தைக் காட்ட ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஒரே உண்ணி ஒரே இரவில் ஒரே கோழிக்கு இரண்டு வேறு நோய்களைத் தரக்கூடும் என்பதும் இதனால் ஐயமின்றித் தெளிந்தது.

உண்ணியையே அடையாளம் காண்பதிலும் இதே தொல்லை உண்டு. பறவைகளைக் கடிக்கிற ஆர்கஸ் இனங்கள் பல, வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பவை. அமெரிக்கா தொடங்கி ஆபிரிக்கா வரை கோழிக்கூட்டில் கண்ட எல்லாவற்றையும் பெர்சிகஸ் என்றே எழுதிவைத்த காலம் இருந்தது. 1960களில் கெய்ரோவிலிருந்து ஹூக்ஸ்ராலும் உடன் உழைத்தவர்களும் அந்தக் குவியலைப் பிரித்து, நாரைக் கூடுகளில் வாழ்வது ஒன்று, தென்னாபிரிக்கக் கோழியில் வாழ்வது இன்னொன்று என்று தனித்தனிப் பெயர் தந்தார்கள். குளங்களும் கடனீரேரிகளும் நீர்ப்பறவைகளும் சூழ்ந்த ஒரு குடாநாட்டில் இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல. கோழிக்கூட்டு உண்ணி கொக்கு, நாரையிலிருந்து வந்ததா, சந்தையில் வாங்கிய பழங்கூட்டோடு வந்ததா என்பதைப் பொறுத்தே அதைத் தடுக்கும் வழி மாறும். இலங்கையின் உண்ணிகளைப் பேராசிரியர் செனவிரத்ன 1960களிலேயே பட்டியலிட்டுத் தந்திருக்கிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அண்மைக் காலம்வரை அந்தப் பணியைத் தொடர்ந்திருக்கிறார்கள். அந்த அடித்தளத்தின்மேல் உண்ணியின் இழைமணி மரபணுவையும் வாசித்துச் சேர்ப்பது அடுத்த படி.

யாழ்ப்பாணத்துக்கு இப்படிப்பட்ட தேடல் புதிதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். மனிதருக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் வட பகுதியில் தலைதூக்குவதை யாழ்ப்பாணத்து மருத்துவர்களும் ஆய்வாளர்களும் 2014இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். மாரி மழையோடு வருகிற காய்ச்சல் எல்லாம் டெங்கு என்று எண்ணப்படும் ஊரில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெற் சுட்டதுபோல ஒரு கரும்பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க அந்த அறிவு கற்றுக்கொடுத்தது. தேடிக் கண்டால் டொக்சிசைக்கிளின் உயிரைக் காக்கும். இங்கே ஒரு சொல் மயக்கமும் இருக்கிறது. தமிழில் அதை உண்ணிக் காய்ச்சல் என்றாலும், கடிப்பது உண்ணி அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கோழியின் நோய்க்குத்தான் உண்மையான உண்ணி காரணம். அதற்குத் தமிழில் ஊன்றிய பெயர் இல்லை.

2024 டிசம்பரைக் குடாநாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் இறுதியின் பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு வடமராட்சியில், கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம், இனந்தெரியாத காய்ச்சல் என்று செய்தி பரவியது. நல்ல திடகாத்திரமானவர்கள் சில நாள் காய்ச்சலில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஊரெங்கும் அச்சம். குருதி மாதிரிகள் ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்டு, அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் என்ன செய்வதென்று புலப்பட்டது. வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க முடிந்தது. எலிக்காய்ச்சலின் கிருமியும் ஒரு சுருளிதான், கோழியின் பொரேலியாவுக்குத் தூரத்து உறவு. இனந்தெரியாத என்ற ஒரு சொல் எத்தனை உயிருக்கு விலை என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின. கோழியின் உயிரை மனித உயிரோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஒரே வாரத்தில் பட்டி காலியாகிப் போன வீட்டில், எதனால் என்று தெரியாமல் நிற்கிற பெண்ணின் திகைப்பும் அதே சொல்லின் விளைவு.

போர்க்காலத்தில் இதைப்பற்றி எண்ணவே வழியிருந்திராது. 2006 ஓகஸ்டில் முகமாலையோடு ஏ-9 வீதி மூடப்பட்டபோது நோயாளர்கூடத் தெற்கே போவது அரிதாயிற்று. கோழியின் குருதியை எவர் கொண்டுபோயிருப்பார்? இன்று அந்த வீதி கண்டிவரை 321 கிலோமீற்றரும் திறந்திருக்கிறது. அதன் தென்முனையில் பேராதனையின் மிருகவைத்திய பீடமும், கன்னொறுவவில் மிருகவைத்திய ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வழியிலேயே கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே விலங்கு விஞ்ஞானம் கற்கிற மாணவர்கள் பலர் கோழி மேய்ந்த வளவுகளிலிருந்தே வந்தவர்கள். ஒரு பட்டப்படிப்பு மாணவர் குழு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று நாலு பகுதியிலும் கூடு கூடாகப் போய் உண்ணி சேர்ப்பது எட்டாத காரியமில்லை. தென்மராட்சியின் தென்னந்தோப்பு ஈரத்துக்கும் தீவகத்தின் உவர்க்காற்று வறட்சிக்கும் இடையில் உண்ணியின் தொகை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வு.

எச்சரிக்கையாகச் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. உண்ணிக்குள் ஒரு கிருமியின் மரபணு கிடைத்துவிட்டதென்றால் அந்த உண்ணி அதைக் கடத்துகிறது என்று பொருளல்ல. குடித்த குருதியோடு வந்து குடலில் செரிக்கக் காத்திருக்கிற எச்சமாகவும் அது இருக்கலாம். உண்ணிகளின் உடம்பில் அவற்றோடு ஒத்து வாழ்கிற பற்றீரியாக்களும் உண்டு. கொக்சியெல்லா, ரிக்கெற்சியா போன்ற நோய்க்கிருமிக் குடும்பங்களின் சாதுவான உறவினர் அவற்றில் பலர். ரிக்கெற்சியா ஹூக்ஸ்ராலி என்பது கோழி உண்ணியிலேயே கண்டறியப்பட்ட ஒன்று; மனிதருக்கு அதனால் நோய் வந்ததாகப் பதிவில்லை. பெயரை மட்டும் கேட்டு ஊரைப் பதறவைக்கிற தலைப்புச் செய்திக்கு இப்படிப்பட்டவையே இடம்கொடுக்கும். ஆகவே உண்ணியின் மரபணுவோடு காய்ச்சற் கோழியின் குருதித் தகடும், இறந்த கோழியின் மண்ணீரலும் சேர்ந்து ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். நுணுக்குக்காட்டியை ஓய்வுபெறச் செய்ய மரபணுச் சோதனை வரவில்லை; அது தவறவிட்ட நாளை ஈடுசெய்ய வந்திருக்கிறது. கோழியின் பொரேலியா மனிதரைத் தொற்றுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பெயர் தெரிந்துவிட்டால் வீட்டில் செய்யவேண்டியது கடினமானதல்ல. நோய்ப்பட்ட கோழிக்கு மிருக வைத்தியர் தரும் மருந்து ஒரு பக்கம். மறுபக்கம், உண்மையான வேலை, கூட்டில். உக்கிய பலகையைக் கழற்றி எரித்துவிட வேண்டும். மிஞ்சிய வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். வைத்தியர் சொல்லும் உண்ணிக்கொல்லியைக் கோழியின்மேல் தெளிப்பதோடு நிறுத்தாமல் இடுக்குக்குள் போகும்படி அடிக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றுக்காக இன்னொரு முறையும் அடிக்க வேண்டும். கோழி நிற்கிற தடியைச் சுவரில் முட்டாமல் தனிக்கால்களில் நிறுத்தி, அந்தக் கால்களைக் கழிவு எண்ணெய் ஊற்றிய ரின்களுக்குள் வைத்தால் உண்ணிக்கு ஏறும் வழி அடைபடும். இந்தியாவில் சில மாநிலத் தடுப்புமருந்து நிறுவனங்கள் இந்த நோய்க்கென்றே தடுப்பூசி தயாரித்ததுண்டு. ஆனால் கிருமியில் வகைகள் பல. ஒரு வகைக்கு எதிராகப் போட்டது மற்ற வகைக்குக் காவலாகாது. எந்த ஊரில் எந்த வகை என்று அறிவதற்கும் மரபணுவைத்தான் திரும்பவும் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் தொடக்கமாக வேண்டியது சுண்டுவிரல் அளவுள்ள ஒரு மூடிக் குழாயும், அதில் பாதிவரை எழுபது வீத அற்ககோலும். பனிக்கட்டி தேவையில்லை, பஸ்ஸில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். இரவில் டோர்ச்சோடு போய், சாமணத்தால் ஐந்தாறு உண்ணியைப் பிடித்து உள்ளே போட்டு, கிராமத்தின் பெயர், திகதி, கூட்டில் கோழி எத்தனை, செத்தது எத்தனை என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் குழாய்க்குள்ளேயே இட வேண்டும். பென்சிலால் எழுத வேண்டும். பேனையால் எழுதினால் பேராதனைக்குப் போய்ச் சேருமுன் அற்ககோல் மையைக் கரைத்துவிடும். உண்ணி மட்டும் மிஞ்சும், எந்த ஊர் உண்ணி என்று தெரியாது.